தொழிலில் தலைமைக்கு வருபவர் எங்கே பிடிவாதம் காட்ட வேண்டும்

மதுரையில் தொழில் நடத்துபவர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. கப்பலூர் சிட்கோவிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் காலை ஏழரைக்கே ஷட்டரைத் தூக்கிவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கடைசி லோடை ஏற்றிவிட்டுப் போகிற முதலாளிகள் நிறையப் பேர். அப்படியும் பல யூனிட்டுகள் வருடக்கணக்கில் ஒரே அளவிலேயே நிற்கின்றன. உழைப்பில் அங்கே குறை கிடையாது. பிடிவாதம் முழுக்கத் தவறான இடத்தில் செலவாகிறது. விலை குறைத்துக் கேட்கிற வாடிக்கையாளரை விடாமல் பிடித்துக்கொள்வார்கள்; வார்ப்பு அச்சின் சூட்டைத் தினமும் அளந்து எழுத வேண்டும் என்பதில் மட்டும் ஒரே வாரத்தில் விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

தொழில் தலைமைக்கு வர விரும்பும் இளைஞருக்கும், அப்பாவின் நாற்காலியில் உட்காரப்போகிற பிள்ளைகளுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: உங்களுக்கு இருக்கும் ஆர்வம் உங்களோடு வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் இல்லாத ஷிஃப்ட்டிலும் அது வேலை செய்ய வேண்டுமானால், இன்னொருவர் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய முறையாக அதை மாற்றியாக வேண்டும்.

இதற்கு ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளம் வயதிலேயே வந்த முடக்குவாதத்தில் விரல்கள் வளைந்துபோனவர் அவர். மகப்பேறு மருத்துவத்துக்குப் போக நினைத்து, முடியாமல் கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களாலேயே கண்புரை அறுவை செய்யப் பழகினார். அவருடைய மன உறுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தொழில் கற்க வந்தவர் கவனிக்க வேண்டியது அந்த உறுதி அறுவை அரங்குக்குள் என்ன வடிவம் எடுத்தது என்பதை. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பி உட்கார வேண்டியதுதான். கண்ணை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, ஆலோசனை சொல்வது எல்லாவற்றுக்கும் பயிற்சி பெற்ற பெண்கள். கிராமங்களிலிருந்து, பள்ளிப்படிப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து உருவாக்கியவர்கள் அவர்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர வேறெதிலும் மருத்துவரின் நேரம் போகாது.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். முகாமில் பரிசோதித்து அறுவை வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வரவில்லை. இலவசம் என்றாலும் வரவில்லை. விசாரித்தபோது காரணம் தெரிந்தது: பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வர ஆள் இல்லாதது, இழக்கிற கூலி. "மக்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று சொல்லி அதோடு விட்டிருக்கலாம். பஸ்ஸையும் சாப்பாட்டையும் திட்டத்துக்குள் சேர்த்தார்கள். 1992-இல் ஆரோலேப் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து 100 டாலர், அதற்கும் மேலே என்று வந்துகொண்டிருந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். தடை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை மாற்றுவதில் காட்டிய பிடிவாதம் இது.

இப்போது ஒரு சாதாரணத் தொழிற்கூடத்துக்கு வருவோம். மதுரையில் ரப்பர் பாகங்கள் செய்யும் யூனிட்டுகள் ஏராளம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ரப்பர் மோல்டிங் யூனிட்டில் தலைமைக்கு வருபவர் முதலில் மனதில் ஏற்ற வேண்டிய கணக்கு கழிவுக் கணக்கு. ஒரு பீஸ் விலை 12 ரூபாய், நிகர லாபம் 6 சதவீதம் என்று வைத்தால், ஒரு நல்ல பீஸில் கையில் நிற்பது 72 பைசா. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் போவது 11 ரூபாய் 28 பைசா. பிளாஸ்டிக்கைப் போல அரைத்து உருக்கி மறுபடி ஊற்ற முடியாது. கந்தகம் சேர்ந்து வெந்த ரப்பர் வெந்ததுதான். ஆக, ஒரு பீஸ் கழிந்தால் அதை ஈடுகட்டக் கிட்டத்தட்ட 16 நல்ல பீஸ்களின் லாபம் வேண்டும். இந்த 16 என்ற எண்ணை பிரஸ் ஓட்டுகிற தம்பி வரைக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். "கழிவைக் குறைங்கப்பா" என்று தினமும் கத்துவதைவிட இது நன்றாக உறைக்கும்.

அடுத்து, கழிவு எங்கே பிறக்கிறது என்பது. மே மாதம் மதுரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சூடு 40 டிகிரியைத் தாண்டிவிடும். கந்தகமும், ரப்பரைச் சீக்கிரம் வேகவைக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்த்த ரப்பர் கலவையை, அதாவது காம்பவுண்டை, அங்கே இரண்டு மூன்று நாள் கிடத்தினால், அச்சுக்குள் போவதற்கு முன்னாலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக வேகத் தொடங்கிவிடும். பிறகு அச்சில் சரியாக ஓடாது. மூலை நிரம்பாது, ஓட்டக் கோடு விழும். பிரஸ்காரரைத் திட்டுவார்கள், தப்பு ஸ்டோரில் நடந்திருக்கும். கோடையில் கடைசிக் கட்ட மிக்ஸிங்கை, அதாவது கந்தகம் சேர்க்கும் வேலையை, விடியற்காலை ஷிஃப்டுக்குத் தள்ள வேண்டும். ரப்பரைக் கலக்கும் உருளை மில்லில் அந்த நேரத்தில் பேட்ச்சின் சூடு 100 டிகிரியைத் தாண்டாமல் தண்ணீர் ஓட வேண்டும். காம்பவுண்டைத் தேதி எழுதி, 25 டிகிரிக்குள் இருக்கும் ஏசி அறையில் வைத்து, முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சையும், ரப்பர் எவ்வளவு நேரத்தில் வேகிறது என்று அளக்கும் ரியோமீட்டரில் போட்டு, வேகத் தொடங்கும் நேரம் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் அந்த பேட்ச்சைப் பிரஸ்ஸுக்கு விடக் கூடாது. ஏசிக்கு ஆகும் கரண்ட் பில்லைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் அந்த 16-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அச்சின் சூடும் அப்படியே. பேனலில் 165 என்று காட்டும். அச்சின் மேல், சூட்டை அளக்கும் பைரோமீட்டரை வைத்தால் ஓரத்தில் 155 இருக்கும். ரப்பரில் 10 டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதே டைமரில் ஓட்டினால் ஓரத்துப் பீஸ்கள் வேகாமல் வரும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வண்டியில் மாட்டிய பிறகு ஆறு மாதத்தில் திரும்பும். நான்கு மூலை, நடு என ஐந்து இடத்தில் ஷிஃப்டுக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும். ஐந்தே நிமிட வேலை. ஆனால் மூன்றாவது வாரத்தில் பார்த்தால் அளக்காமலே போன வாரத்து எண்களை எழுதிவைத்திருப்பார்கள். எல்லா நாளும் ஐந்து இடத்திலும் 165, 165 என்று இருந்தாலே தெரிந்துவிடும். உண்மையான அளவு அப்படி வராது. தலைமையில் இருப்பவர் வாரத்தில் இரண்டு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், தானே பைரோமீட்டரை எடுத்து அளந்து அந்தத் தாளில் தன் எண்ணையும் எழுத வேண்டும். திட்டத் தேவையில்லை. அடுத்த வாரத்திலிருந்து எண்கள் உண்மையாகும்.

காலைக் கூட்டத்தையும் இதோடு சொல்லிவிடலாம். நின்றுகொண்டே 15 நிமிடம். போர்டில் ஐந்து விஷயம்: நேற்று திட்டம், நேற்று வந்தது, ரிஜெக்ட், மிஷின் நின்ற நேரம், வராத ஆட்கள். அதிகம் கழிந்த ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்து, யார், எப்போதுக்குள் என்று முடிக்க வேண்டும். பத்துக் குறையையும் ஒரே நாளில் பேசினால் ஒன்றும் நடக்காது.

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்து வருகிறவருக்கு முதல் இரண்டு வருடம் இந்த இடத்திலேயே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வந்த ஆறாவது மாதமே கேபினுக்குள் உட்கார்ந்து எக்செல் பார்க்கிறவர், பிறகு எத்தனை பெரிய பதவிக்குப் போனாலும், ஃபிட்டர் சொல்கிற காரணம் மெய்யா சாக்கா என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பார்.

ஆர்டர் நிறைய வந்து கம்பெனி சாய்வதும் இங்கே நடக்கிற விஷயம்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாத விற்பனை 40 லட்சம். மூலப்பொருள் அதில் 22 லட்சம். வாடிக்கையாளர் 75 நாளில் பணம் தருகிறார். சரக்காகவும் வேலையிலுமாக 30 நாள் மூலப்பொருள் கையில் இருக்கிறது; நமக்குச் சப்ளையர் தருகிற கடனும் 30 நாள். கையிருப்பும் சப்ளையர் கடனும் ஏறக்குறைய சமமாகிவிடும். வெளியே நிற்கும் பணம் இரண்டரை மாத விற்பனை, அதாவது 1 கோடி. இப்போது நல்ல ஆர்டர் வந்து விற்பனை 60 லட்சம் ஆகிறது. வெளியே நிற்கும் பணம் 1.5 கோடி ஆகும். கூடுதலாக 50 லட்சம் வேண்டும். 60 லட்சத்தில் 6 சதவீத லாபம் 3.6 லட்சம். லாபத்தை மட்டும் சேர்த்து அந்த 50 லட்சத்தை நிரப்ப 14 மாதம் ஆகும். சம்பளமும் கரண்ட் பில்லும் 14 மாதம் காத்திருக்காது. அப்போதுதான் வெளியில் கைமாத்து, தினவட்டி என்று கால் வைப்பார்கள்.

ஜிஎஸ்டியும் இதில் ஒளிந்திருக்கிறது. 18 சதவீதம் என்றால் 40 லட்சத்துக்கு 7.2 லட்சம் வரி. மூலப்பொருளில் கட்டிய சுமார் 3.96 லட்சத்தைக் கழித்தால், அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 3.24 லட்சம் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளர் தருவது 75-ஆவது நாள்.

ஆர்டரை ஒப்புக்கொள்வதற்கு முன்பே வங்கிக்குப் போக வேண்டும். 5 கோடிக்குட்பட்ட நடைமுறை மூலதனக் கடனுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் என்று கணக்கிடும் முறை சிறு தொழிலுக்கு இருக்கிறது. ஆண்டுக்கு 4.8 கோடி விற்பனைக்கு 96 லட்சம், 7.2 கோடிக்கு 1.44 கோடி. அந்த விற்பனையை நம்பும்படி ஆர்டர் நகல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், கடந்த 12 மாதக் கணக்கு எல்லாம் கையில் இருந்தால் மேலாளரிடம் பேச முடியும். பணம் தீர்ந்த பிறகு போய் நின்றால், ஓவர்டிராஃப்ட் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற கணக்கைப் பார்த்துவிட்டு யாரும் எல்லையைக் கூட்டித் தர மாட்டார்கள்.

75 நாள் என்பதே சட்டப்படி சரியில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாக வாடிக்கையாளரால் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். வழக்குப் போட்டு வாடிக்கையாளரை இழக்க யாரும் விரும்ப மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் இன்வாய்ஸில், சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவெண்ணை அச்சிடுவதற்கும், பிப்ரவரியில் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு நிலுவைப் பட்டியலை அனுப்புவதற்கும் சண்டை தேவையில்லை. மார்ச் 31-க்குள் முடித்தால் அவர்களுக்கும் வரியில் லாபம். பெரிய கம்பெனிகள் என்றால் பில்லைக் கெடுவுக்கு முன்பே பணமாக்க உதவும் ட்ரெட்ஸ் இணையதளத்தில் அதை ஏற்றி, வட்டியாகப் பிடிப்பது போக மீதியைச் சில நாட்களில் வாங்கிவிடலாம்; பணம் வராவிட்டால் அந்தத் தொகை நம் தலையில் திரும்ப விழாது.

பணம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பதும், கோபத்தில் ஒருநாள் கத்துவதும் இரண்டுமே வேலைக்காகாது. சரக்குப் போன மூன்றாம் நாள் அவர்களுடைய ஸ்டோருக்கு ஃபோன்: "அண்ணே, நம்ம 412 பில்லு சரக்கு உள்ளே எடுத்துட்டீங்களா? ஜிஆர்என் நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணே." ஜிஆர்என் என்பது சரக்கு வந்து சேர்ந்தது என்று அவர்கள் போடும் சீட்டு; அது போடாத பில்லு கணக்குப் பிரிவுக்கே போகாது, இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் "உங்க பில்லே வரலையே சார்" என்பார்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் கணக்குப் பிரிவுக்கு இன்னொரு ஃபோன். வாரம் தவறாமல், ஒரே நாளில், ஒரே ஆள் செய்ய வேண்டும். விடாமுயற்சி என்று பெரிதாகப் பேசுகிறோமே, தொழிலில் அதன் பெரும்பகுதி இந்த ஃபோன் அழைப்புகள்தான்.

ஆட்கள் விஷயத்தில் ஊரின் நாட்காட்டியை மதிக்காதவர் இங்கே தலைமை தாங்க முடியாது. தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் பக்கமிருந்து வேனில் வரும் ஆட்கள் அந்த வாரம் முழுக்க வருவார்கள் என்று எதிர்பார்ப்பதே தவறு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள், அதைத் தொடர்ந்து ஊர் ஊராக வரும் அம்மன் திருவிழாக்கள். புனேயிலும் ஓசூரிலும் இருக்கும் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைன் இதற்கெல்லாம் நிற்காது. மூன்று வாரம் முன்பே எந்த ஊரில் எந்த நாள் திருவிழா என்று ஆட்களிடமே கேட்டு எழுதி, 5 முதல் 7 நாள் சரக்கைக் கூடுதலாக ஓட்டி வைக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் தீபாவளி, சத் பூஜைக்கு அவர்கள் டிக்கெட் போடும் தேதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "லீவு கிடையாது" என்று சொன்னால் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வருவார், சொல்லாமல் போனவர் பக்கத்து யூனிட்டில் சேர்ந்துவிடுவார்.

பதவி இல்லாமல் தலைமை வருமா என்று கேட்பவர்களுக்கு அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவின் வாழ்க்கையே பதில். பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலித் தொழிலாளி. வயல் வேலைக்குப் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கூலி பேசியவர், களஞ்சியம் சேமிப்புக் குழுக்களின் தலைவரானார். 2001-இல் தேசிய விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தகைய குழுக்களில் சேமிப்பும் கடனும் எல்லோர் முன்னாலும் எண்ணிச் சொல்லப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குழுவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது தெரியும். சிறு தொழிற்கூடத்திலும் இதைச் செய்யலாம்: ரிஜெக்ட் எவ்வளவு, அதில் போன பணம் எவ்வளவு, குறைந்தால் மாத இன்சென்டிவ் எவ்வளவு என்று மாதம் ஒருநாள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எதை விட்டுவிடுவது என்பதும் தலைமையின் வேலை. மூலப்பொருள் விலை ஏறியும் ஒரு வருடமாக விலை ஏற்றித் தராத பாகம், மொத்த பிரஸ் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிட்டுக்கொண்டு கையில் ஒன்றும் நிற்காத பாகம் என்று எல்லா யூனிட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். "அப்பா காலத்து கஸ்டமர்" என்பதற்காக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பிரஸ் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பாகம் வாரியாக எழுதினாலே தெரிந்துவிடும். மூன்று மாத அவகாசம் கொடுத்து, அச்சைத் திருப்பித் தந்து, மரியாதையாக விலகலாம்.

டிவிஎஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்கார் வக்கீல் வேலை, ரயில்வே, வங்கி என்று பார்த்துவிட்டு, 1911-இல் மதுரையில் தன் பெயரில் தொழிலைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நிற்கும் நிலை வந்தபோது, கரி எரிவாயுவில் வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்தார்கள். பெட்ரோலுக்காகக் காத்திருப்பதை விட்டார். பஸ் ஓட வேண்டும் என்பதை விடவில்லை. பிறகு தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்.

ஒப்படைப்பதுதான் நம் பக்கத்து முதலாளிகளுக்கு மிகக் கடினமாக இருக்கிறது. பையன் எம்பிஏ முடித்து வந்திருப்பான்; ஐந்து வருடமாக கேபினில் இருப்பான்; பத்தாயிரம் ரூபாய் செக்கில்கூட அப்பாதான் கையெழுத்துப் போடுவார். பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்ற நல்ல வழி ஒன்று இருக்கிறது. முதலாளி பத்து நாள் ஊரில் இல்லாமல் இருக்க வேண்டும், காசியோ ராமேஸ்வரமோ. ஃபோனை அணைக்க வேண்டாம். வருகிற ஒவ்வொரு அழைப்பையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும்: யார் கேட்டது, என்ன கேட்டது, எந்தத் தகவல் இல்லாததால் கேட்டது. திரும்பி வந்ததும் அந்த நோட்டைப் பிள்ளையோடும் சூப்பர்வைசர்களோடும் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். தகவல் இல்லாமல் கேட்டவை: விலைப் பட்டியல், சப்ளையர் எண், டிராயிங், இவற்றை ஒரு ஃபைலில் போட்டுவிடலாம். அதிகாரம் இல்லாமல் கேட்டவை: 25,000 ரூபாய் வரை வாங்கும் உரிமை, இரண்டாவது கையெழுத்து, இவற்றை எழுத்தில் கொடுத்து, வங்கியிலும் பதிந்துவிட வேண்டும். பயத்தில் கேட்டவைதான் மூன்றாவது வகை. "முடிவு தப்பானா சார் என்ன சொல்வாரோ" என்று வந்த அழைப்புகள். முதல் பயணத்தில் இவைதான் அதிகம் இருக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி பத்து நாள் போக வேண்டும். அப்போது இந்த மூன்றாவது வகை குறையாமல் இருந்தால், மாற வேண்டியவர் முதலாளி.